இன்னொரு சேலத்துப் பையன்களைத் தரம் பிரிப்பது எப்படி

அஸ்தம்பட்டி பக்கம் ஒரு பால் பூத் வைத்திருக்கிறேன். வண்டி நாலு மணிக்கு வந்துவிடும். டப்பை எண்ணி இறக்கி, காலி டப்பை ஏற்றி, கணக்கெழுதி முடித்தால் நாலரை. முதல் ஆள் பால் வாங்க ஐந்து மணிக்குத்தான் வருவார். நடுவில் கிடைக்கும் இந்த அரை மணி நேரம்தான் என்னைக் கொண்டுபோய் பேஸ்பாலில் தள்ளியது.

2017 ஐபிஎல் சமயம். நம்ம சின்னப்பம்பட்டி நடராஜனைப் பஞ்சாப் அணி 3 கோடி கொடுத்து எடுத்திருந்தது. ஊரே அதைப் பேசிக்கொண்டிருந்தது. நான் ஏதோ உள்ளூர் லீக் மேட்ச் ஸ்கோர் பார்க்கலாம் என்று ‘சேலம் ஸ்கோர்’ என ஆங்கிலத்தில் போனில் தட்டினேன். வந்து நின்றது ‘சேலம் ரெட் சாக்ஸ்’ என்ற பேஸ்பால் அணி. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு சேலம் இருக்கிறது. இருபத்தைந்தாயிரம் பேர் இருக்கும் சின்ன ஊர். நமக்குச் சேர்வராயன், ஜருகுமலை மாதிரி அவர்களைச் சுற்றி ப்ளூ ரிட்ஜ் மலை. அங்கே சாயங்காலம் 7:05-க்கு ஆட்டம் ஆரம்பித்தால் இங்கே விடிகாலை 4:35. என் பூத்தைக் கேட்டு நேரம் வைத்தது போல இருந்தது. அவர்கள் ஊர்ப் பெயரை ‘செய்லம்’ என்கிறார்கள், போகட்டும்.

அந்த அணி பாஸ்டன் ரெட் சாக்ஸுக்குப் பையன்களை வளர்த்துக் கொடுக்கும் அணி. அதில் ஆடும் பத்தொன்பது, இருபது வயசுப் பையன்களில் யார் பாஸ்டன் வரை போவான், யார் பாதியில் மூட்டை கட்டுவான் என்று வரிசைப்படுத்தி எழுதுவது என் பழக்கமாகிவிட்டது. வருஷத்துக்கு ஒரு நோட்டு. நான் செய்த தப்பெல்லாம் அதில் இருக்கிறது. யாருக்காவது இந்தக் கிறுக்கு பிடித்தால் எப்படித் தொடங்குவது என்று சொல்லத்தான் இது. பேஸ்பால் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு விஷயம் போதும். அடிக்கக்கூடிய பந்தை விட்டாலோ, மட்டையைச் சுற்றித் தவறவிட்டாலோ ஒரு ஸ்ட்ரைக். பேட்டர் மூன்று ஸ்ட்ரைக் வாங்கினால் அவுட், அது ஸ்ட்ரைக் அவுட். எட்டாமல் வரும் தப்பான பந்துகள் நான்கை ஆசைப்படாமல் விட்டுவிட்டால் முதல் பேஸுக்கு (ரன்னுக்காகச் சுற்றி ஓட வேண்டிய முனைகளில் முதலாவது) சும்மா நடந்து போகலாம், அது வாக். மற்றது பார்க்கப் பார்க்கப் புரிந்துவிடும்.

முதலில் ஏணியைத் தெரிந்துகொள்ளுங்கள். உச்சியில் மேஜர் லீக், அதில் 30 அணிகள். 2021-ல் எல்லாவற்றையும் திருத்தி, ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு மைனர் லீக் அணிகள், ஆக 120 என்று வைத்தார்கள். அடியிலிருந்து லோ-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ. அதற்கும் கீழே புதுப் பையன்களுக்கு ஃப்ளோரிடாவிலும் அரிசோனாவிலும் டொமினிகன் குடியரசிலும் பயிற்சி மைதான லீக்குகள். பாஸ்டன் பையனுடைய வழி சேலம், கிரீன்வில், போர்ட்லண்ட், வூஸ்டர், பிறகு பாஸ்டன். ஏற்காடு ரோட்டில் அடிவாரம் வரை யார் வேண்டுமானாலும் வண்டியை விரட்டலாம், கொண்டை ஊசி வளைவு வந்த பிறகுதானே தெரியும்? இந்த ஏணியில் வளைவு ஆரம்பிப்பது டபுள்-ஏ-யில். கீழே நேர்வேகப் பந்தை மட்டும் அடித்துப் பேர் வாங்கியவனுக்கு, எந்த நேரத்திலும் வளையும் பந்தைப் போடத் தெரிந்த பிட்சர்கள் அங்கேதான் காத்திருப்பார்கள்.

அணி ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 120 அணியையும் பார்க்கிறேன் என்று இறங்கினால் இரண்டு வாரத்தில் நோட்டு பரணுக்குப் போய்விடும். மைனர் லீக் தளத்தில் ஒவ்வொரு ஆட்டத்தின் ஸ்கோர்கார்டும் காசில்லாமல் கிடைக்கும். பேஸ்பால் ரெஃபரன்ஸ், ஃபேன்கிராஃப்ஸ் என்ற தளங்களில் ஒவ்வொரு பையனின் முழுக் கணக்கும் இருக்கும். நோட்டில் ஒரு பையனுக்கு ஒரு பக்கம். மேலே பெயர், பிறந்த தேதி, உயரம், எந்த இடத்தில் ஆடுகிறான், எப்படி அணிக்கு வந்தான். கீழே மாதாமாதம் எத்தனை தடவை மட்டை பிடித்தான், எத்தனை ஸ்ட்ரைக் அவுட், எத்தனை வாக். பேட்டிங் சராசரியை, அதாவது அடித்துப் பேஸுக்குப் போன ‘ஹிட்’ எத்தனை பங்கு என்ற கணக்கை (.300 என்றால் பத்துக்கு மூன்று), கடைசி கட்டத்தில் சின்னதாக எழுதுங்கள். ஏன் சின்னதாக என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது வயசு. அடித்த ரன்னையோ ஹோம் ரன்னையோ (நம்ம சிக்ஸர் மாதிரி) பார்ப்பதற்கு முன்னால் பிறந்த தேதியைப் பாருங்கள். இதை நான் கற்றுக்கொண்டது பேஸ்பாலில் இல்லை, ஏற்காட்டில்.

ஸ்கோர் எழுத ஆள் வேண்டும் என்று ஒரு பள்ளிக்கூட டோர்னமென்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பதினாறு வயசுக்கு உட்பட்டவர்கள் ஆட்டம். ஒரு பையன் இறங்கினான். நாலாவது பந்தே மரத்துக்கு மேலே போனது. அடுத்த ஓவரில் இன்னும் இரண்டு. கையில் டீ டம்ளரோடு நின்றவர்களெல்லாம் கிட்டே வந்துவிட்டார்கள். நானும் ஸ்கோர் ஷீட் ஓரத்தில் அவன் பெயரைப் போட்டு இரண்டு கோடு இழுத்தேன். எதிர் முனையில் ஒரு ஒல்லிப் பையன், பேட் அவன் இடுப்புக்கு மேலே வந்தது. நாற்பது பந்து பிடித்து 11 ரன். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போனதைத் தொடவே இல்லை. வேகமாக வந்ததை நேராக மடக்கிப் போட்டான். யாரும் கைதட்டவில்லை. மதியம் சாப்பாட்டு வேளையில்தான் தெரிந்தது, சிக்ஸர் பையனுக்குப் பதினாறு முடிய இன்னும் மூன்று வாரம் பாக்கி, மீசையே வந்திருந்தது. ஒல்லிப் பையனுக்குப் பதிமூன்று. மூன்று வயசு மூத்த பந்து வீச்சை ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்திருக்கிறான். நான் கோடு இழுத்த பெயர் தப்பு.

மைனர் லீக்கிலும் இதே கதைதான். லோ-ஏ-யில் பெரும்பாலான பையன்களுக்கு இருபது, இருபத்தொன்று வயசு இருக்கும். அங்கே இருபத்து மூன்று வயசில், நாலு வருஷம் கல்லூரியில் ஆடிவிட்டு வந்தவன் .320 அடித்தால் அது வேலைக்கு வந்தவன் எல்.கே.ஜி. பரீட்சையில் நூறு வாங்கிய மாதிரி. அதே மைதானத்தில் பதினெட்டு வயசுப் பையன் .250 அடித்தால் நான் அவனை மேலே வைப்பேன். அதே தளங்களில் லீக்கின் சராசரி வயசும் கிடைக்கும். நோட்டில் நான் ‘கூட்டல் 2’, ‘கழித்தல் 1’ என்று எழுதுவேன். லீக் சராசரியை விட இரண்டு வயசு சின்னவன் என்றால் கூட்டல் 2. முக்கால்வாசி வரிசை இந்த ஒரு எண்ணிலேயே முடிந்துவிடும் என்பது என் அனுபவம். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். காயத்தில் ஒன்றிரண்டு வருஷம் போனவன், வேறு ஆட்டத்திலிருந்து தாமதமாக வந்தவன், இவர்களை வயசை வைத்து மட்டும் தள்ளாதீர்கள். அப்படித் தாமதமாக வந்தவர்கள் இந்தியாவிலும் உண்டு. 2008-ல் ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்ற இரண்டு ஈட்டி எறியும் பையன்கள் ஒரு டிவி போட்டியில் பந்து எறிந்து தேர்வாகி, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஒப்பந்தம் ஆனார்கள். கையுறை போட்டுப் பந்து பிடிக்கவே அங்கே போய்த்தான் பழகினார்கள். அவர்களுக்கு என் வயசுக் கணக்கு எப்படிப் பொருந்தும்?

இப்போது சராசரி விஷயம். என் அப்பா பால் சொசைட்டியில் டெஸ்டராக இருந்தவர். சின்ன வயசில் லாக்டோமீட்டரை அவர் கையிலிருந்து பிடுங்கி விளையாடியிருக்கிறேன். பாலில் தண்ணீர் கலந்தால் லாக்டோமீட்டர் இறங்கிக் காட்டும். அது எல்லோருக்கும் தெரியும். ஆடையை எடுத்துவிட்டால் ஏறிக் காட்டும். அது பாதிப் பேருக்குத் தெரியாது. முதலில் ஆடையை எடுத்து, அப்புறம் அளவாகத் தண்ணீர் ஊற்றினால் கருவி ‘அசல் பால்’ என்று சத்தியம் பண்ணும். அதனால்தான் கொழுப்பைத் தனியாகப் பார்க்காமல் அப்பா சீட்டு எழுத மாட்டார்.

பேட்டிங் சராசரி என்பது அந்த லாக்டோமீட்டர். பந்தைத் தொட்டு உள்ளே அடித்துவிட்டால், அது ஃபீல்டர் கைக்குப் போகிறதா இடைவெளியில் போகிறதா என்பதில் அதிர்ஷ்டத்துக்குப் பெரிய பங்கு. மைதானத்துக்குள் விழுந்த பந்துகளில் எத்தனை ஹிட் ஆனது என்று ஒரு கணக்கு உண்டு. பொதுவாக .300-ஐ ஒட்டி இருக்கும். ஒருவனுக்கு அது .400-க்குப் பக்கத்தில் இருக்கிறது, சராசரியும் பிரமாதமாக இருக்கிறது என்றால் ஆடை எடுத்த பாலில் தண்ணீர் ஊற்றியிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். வேகமாக ஓடுகிறவனுக்கும் பலமாக அடிக்கிறவனுக்கும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அதற்கு விட்டுக்கொடுக்கலாம். அவ்வளவுதான்.

கொழுப்புப் பரிசோதனை என்பது ஸ்ட்ரைக் அவுட்டும் வாக்கும். இதில் ஃபீல்டர் கிடையாது, அதிர்ஷ்டம் குறைவு, அதனால் சீக்கிரமே உண்மையைச் சொல்லிவிடும். லோ-ஏ-யில் நூறு தடவை மட்டை பிடித்தால் இருபதுக்குள் ஸ்ட்ரைக் அவுட் என்றால் சந்தோஷப்படுவேன். முப்பதைத் தாண்டினால், அவன் எவ்வளவு தூரம் அடித்தாலும், டபுள்-ஏ-யில் அவனுக்கு என்ன நடக்கும் என்று பயப்படுவேன். வாக் நூறுக்குப் பத்துக்கு மேலே இருந்தால் கண் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அடிக்கவே பயந்து நிற்கிறவனும் வாக் வாங்குவான். அவனைப் பிட்சர்கள் கண்டுபிடித்து நடுவில் போட்டுத் தீர்த்துவிடுவார்கள்.

இதில் என் பெரிய சறுக்கல் 2023 நோட்டில் இருக்கிறது. ரோமன் அந்தோணி என்ற பையன். அணிகள் முறை வைத்துப் புதுப் பையன்களை எடுக்கும் டிராஃப்ட்டில், 2022-ல் 79-வது ஆளாக எடுத்திருந்தார்கள். சேலத்துக்கு வந்தபோது பதினெட்டு வயசு, மே மாதம் பத்தொன்பது ஆனது. 42 ஆட்டத்தில் சராசரி .228. ஹோம் ரன் ஒன்றே ஒன்று. நான் அந்த அணியில் அவனைப் பதினான்காவது இடத்தில் வைத்தேன். அக்கா மகன் லீவுக்கு வந்து பூத்தில் உட்கார்ந்திருந்தான், நோட்டைப் புரட்டினான்.

“மாமா, நீங்கதானே வாக் பாருங்கன்னு எல்லாருக்கும் சொல்றீங்க? இவன் பேஸுக்குப் போற கணக்கு .376 இருக்கே?”

ஹிட்டோடு வாக்கையும் சேர்த்து எத்தனை பங்கு பேஸுக்குப் போனான் என்ற கணக்கு அது. பார்த்தேன். இருந்தது. சராசரிக்கும் பேஸுக்குப் போகும் கணக்குக்கும் நடுவில் கிட்டத்தட்ட 150 புள்ளி இடைவெளி, அதுவும் பத்தொன்பது வயசில். பந்து மட்டையில் பட்டால் எவ்வளவு வேகமாகக் கிளம்புகிறது என்பதை அளந்தவர்கள், பையன் பயங்கரமாக அடிக்கிறான், ஆனால் தரையோடு அடிக்கிறான் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் .228-ஐப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். அதே கோடையில் கிரீன்வில்லுக்கு அனுப்பினார்கள். அங்கே 54 ஆட்டத்தில் 12 ஹோம் ரன். 2025 ஜூனில் பாஸ்டனுக்காக இறங்கியபோது அவன்தான் மைனர் லீக்கிலேயே முதல் இடத்து ஆள். என் நோட்டில் ‘14’ அப்படியே இருக்கிறது. அக்கா மகனுக்கு நான் வாங்கிக் கொடுத்த தட்டுவடை செட்டுக்குக் கணக்கே இல்லை.

அதனால் சராசரியைச் சின்னதாக எழுதச் சொன்னேன்.

இன்னொரு சேலத்துக்காரரைச் சொல்லாமல் விட முடியாது. மூக்கி பெட்ஸ். 2011-ல் ஐந்தாவது சுற்றில் எடுத்த, ஐந்தடி ஒன்பது அங்குலப் பையன். 2012-ல் கீழ் லீக்கில் 71 ஆட்டம் ஆடி ஒரு ஹோம் ரன் கூட அடிக்கவில்லை. அடுத்த வருஷம் சேலத்தில் .341. 2018-ல், மேஜர் லீக்கின் ஒரு பாதியான அமெரிக்கன் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர். அப்போது சேலம் ஹை-ஏ அணி, 2021 மாற்றத்தில் ஒரு படி கீழே வந்து லோ-ஏ ஆனது. பழைய கணக்கோடு ஒப்பிடும்போது இதை மறந்துவிடாதீர்கள். ஒரே மைதானம்தான், படிதான் வேறு.

மைதானம் என்றதும் மறுபடி ஏற்காட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. அந்தச் சிக்ஸர் பையனுக்கு வயசு மட்டும் உதவவில்லை, காற்றும் உதவியது. ஏற்காடு ஐயாயிரம் அடியை ஒட்டிய உயரம். அங்கே காற்று மெல்லிசு, பந்தைப் பிடித்து இழுக்காது. காந்தி ஸ்டேடியத்தில் பவுண்டரி கோட்டுக்கு முன்னால் விழும் பந்து அங்கே தாண்டிவிடும். அமெரிக்காவில் அல்புகெர்க்கி என்ற ஊர் கிட்டத்தட்ட இதே உயரம். அங்கே கொலராடோ ராக்கீஸின் டிரிபிள்-ஏ அணி இருக்கிறது. அங்கே ஆடும் பேட்டர்களின் ஹோம் ரன் கணக்கை அப்படியே நம்பிவிடாதீர்கள். அங்கே அடி வாங்கும் பிட்சர்களைக் கொஞ்சம் பரிதாபத்தோடு பாருங்கள். மெல்லிய காற்றில் வளைவு பந்தும் ஒழுங்காக வளையாது, பாவம். யாரும் திரும்பிப் பார்க்காத பிட்சரைத் தேட நல்ல இடம் இந்த மாதிரி மலையூர்கள்தான். சொந்த ஊர் ஆட்டத்தையும் வெளியூர் ஆட்டத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். வெளியூரில் ஒழுங்காகப் போட்டிருந்தால் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

எந்த இடத்தில் நிற்கிறான் என்பதும் கணக்கில் வர வேண்டும். கேட்சர் நம்ம கீப்பர் மாதிரி, ஆனால் வேலை பத்து மடங்கு. ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்பவன்), சென்டர் ஃபீல்ட் இரண்டும் கஷ்டமான இடங்கள். முதல் பேஸ்காரன் அடித்தால்தான் சோறு. அதனால் ஒரே மாதிரி அடிக்கும் இருவரில் ஷார்ட்ஸ்டாப்பை மேலே வையுங்கள், அவனுக்கு அதைவிட லேசான இடத்துக்கு மாற வழி இருக்கிறது. பத்தொன்பது வயசிலேயே முதல் பேஸில் நிற்கிறவனுக்குப் போக வேறு இடமில்லை.

பிட்சர்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அவர்கள் விஷயத்தில் எனக்கே நம்பிக்கை குறைவு. முழங்கைத் தசைநார் போய்விடும். தசைநாரை மாற்றி வைக்கும் அறுவை சிகிச்சை 1974-ல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதலில் நடந்தது, இன்றைக்கு அவர் பெயரிலேயே அதைச் சொல்கிறார்கள். அது நடந்தால் ஒரு வருஷத்துக்கு மேலே போய்விடும். அதனால் என் முதல் பத்தில் மூன்று பிட்சருக்கு மேல் வைப்பதில்லை. பார்க்க வேண்டியது ஸ்ட்ரைக் அவுட் விகிதத்திலிருந்து வாக் விகிதத்தைக் கழித்து வருவது. அது நூறுக்கு இருபதைத் தாண்டினால் உட்கார்ந்து பார்க்கலாம். வேகம் மட்டும் இருந்து இரண்டாவது பந்து வகை இல்லையென்றால் கடைசி ஓவர் ஆள்தான். மூன்று வகை இருந்தால்தான் ஆட்டத்தைத் தொடங்குகிற பிட்சர். அறுவை சிகிச்சை முடிந்து திரும்புகிறவர்களின் பெயரை ஒரு தனிப் பக்கத்தில் வையுங்கள். ஒரு வருஷம் கண்ணில் படாதவனை எல்லாப் பட்டியலும் மறந்துவிடும்.

சரி, யாரும் கவனிக்காத பையன்களை எங்கே தேடுவது? அவன் ஏன் கவனிக்கப்படவில்லை என்று முதலில் கேளுங்கள். பதில் ஆட்டத்துக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். பதில் ஆட்டத்துக்கு வெளியே இருந்தால் நோட்டில் எழுதுங்கள். நடராஜனை எடுத்துக்கொள்ளுங்கள். தறி நெய்கிற வீடு, டென்னிஸ் பந்து ஆட்டம். 2015-ல் ரஞ்சிக்குப் போன உடனே பந்து வீசும் முறை சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள், மாற்றிக்கொண்டு திரும்ப வந்தார். 2020 டிசம்பரில் ஆரம்பித்து ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்கு இறங்கிவிட்டார். அவர் கவனிக்கப்படாமல் போன காரணங்களில் யார்க்கர் இல்லை.

உயரம் ஒரு காரணம். வெனிசுவேலாவில் ஹோசே அல்டூவே என்ற பையனை, குள்ளம், வயசிலும் பொய் சொல்கிறான் என்று தேர்விலிருந்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் பிறப்புச் சான்றிதழோடு வந்து நின்றான். 2007-ல் 15,000 டாலருக்கு ஹூஸ்டன் அணி எடுத்தது. ஐந்தடி ஆறு அங்குலம். 2017-ல் அமெரிக்கன் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர். எப்போது எடுத்தார்கள் என்பது இன்னொரு காரணம். மைக் பியாட்சாவை 1988-ல் 62-வது சுற்றில், 1,390-வது ஆளாக எடுத்தார்கள், அதுவும் அப்பாவுக்குத் தெரிந்தவர் சொன்னதற்காக. கேட்சராக மாற்றினார்கள், 2016-ல் பேஸ்பால் மேதைகளுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார். ஆல்பர்ட் புஹோல்ஸ் 13-வது சுற்று, கடைசியில் 703 ஹோம் ரன். இப்போது டிராஃப்ட் 20 சுற்றுதான். அதில் எடுக்கப்படாமல் தனியாகக் கையெழுத்துப் போட்டவர்களை நான் தனியாகத் தேடிப் பார்ப்பேன். முதல் சுற்றில் கோடிக்கணக்கில் கொடுத்து எடுத்த பையனுக்கு நாலு வருஷம் வாய்ப்பு கொடுப்பார்கள். பத்தாயிரம் டாலர் பையனுக்கு ஒரு மோசமான மாதம் போதும். அதனால் அவன் மூன்றாவது வருஷமும் அணியில் இருக்கிறான் என்றாலே உள்ளே யாரோ எதையோ பார்த்திருக்கிறார்கள்.

இடம் மாறியவர்களும் தங்கச் சுரங்கம். ஜேக்கப் டிகிராம் கல்லூரியில் ஷார்ட்ஸ்டாப். 2010-ல் ஒன்பதாவது சுற்றில் பிட்சராக எடுத்தார்கள், 2018-லும் 2019-லும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. கென்லி ஜான்சென் மைனர் லீக்கில் கேட்சர், அடிக்க வரவில்லை, கை மட்டும் இரும்பு. 2009-ல் பந்தைக் கையில் கொடுத்தார்கள், பிறகு ஆட்டத்தை முடித்து வைக்கிற பெரிய ஆளானார். ஒரு பையன் பெயருக்குப் பக்கத்தில் இடம் மாறியிருந்தால், பழைய கணக்கையெல்லாம் கோடு போட்டு அடித்துவிட்டு அந்த நாளிலிருந்து புதிதாக எண்ணுங்கள். வயசு கூட அங்கே கொஞ்சம் மன்னிக்கலாம்.

டிசம்பரில் ‘ரூல் 5’ டிராஃப்ட் வரும். சில வருஷம் மைனரில் கிடந்தும், அணி தனக்கென்று காப்பாற்றி வைக்கும் 40 பேர் பட்டியலில் சேர்க்கப்படாத பையனை வேறு அணி ஒரு லட்சம் டாலர் கொடுத்துத் தூக்கலாம். தூக்கினால் அடுத்த சீசன் முழுக்க மேஜர் லீக் அணியிலேயே வைத்திருக்க வேண்டும். 1954-ல் ராபர்ட்டோ கிளமென்டே இப்படித்தான் பிட்ஸ்பர்க் போனார். 1999-ல் ஹூஸ்டன் விட்ட யோஹான் சான்டானா மின்னசோட்டாவில் இரண்டு சை யங் வாங்கினார். நவம்பரில் யாரைக் காப்பாற்றினார்கள், யாரை வெளியே விட்டார்கள் என்று பாருங்கள். அணிக்காரர்களே தங்கள் மனசில் உள்ள வரிசையைத் திறந்து காட்டும் ஒரே நாள் அதுதான்.

இனி வரிசை போடுவது. வேட்டைக்காரர்கள் மாதிரி ஊர் ஊராகச் சுற்றுகிற ஸ்கவுட்டுகள் 20-லிருந்து 80 வரை மதிப்பெண் போடுவார்கள். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. அடி, பலம், ஓட்டம், ஃபீல்டிங், கை என்று ஐந்தும் தனித்தனி. நேரில் பார்க்காத நாம் அதைப் போட்டால் அது பாவனைதான். போனில் பார்க்கிற எனக்கு வராது. நான் செய்வது வேறு. முதலில் அணியில் உள்ள எல்லோரையும் மூன்று கட்டாகப் பிரிப்பேன். பெரிய லீக்கில் தினம் ஆடுவான், பெஞ்சில் உட்காருவான், போக மாட்டான். பூத்தில் ஆரஞ்சு, பச்சை, நீலப் பாக்கெட்டைப் பிரித்து அடுக்குகிற மாதிரி. பிறகு ஒவ்வொரு கட்டுக்குள்ளும் இரண்டிரண்டு பேராக நிறுத்தி ஒரே கேள்வி: இவனைக் கொடுத்து அவனை வாங்குவேனா? வாங்குவேன் என்றால் அவன் மேலே. இப்படியே போனால் வரிசை தானாக வந்துவிடும். ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவில் ரொம்ப மல்லுக்கட்டாதீர்கள், இரண்டு பேரும் ஒரே பாக்கெட்தான்.

ஒவ்வொருவன் பெயருக்கு எதிரிலும் ஒரு வரி எழுதுங்கள், ‘எது நடந்தால் இவன் கீழே போவான்’ என்று. ‘வளைவு பந்து ஸ்ட்ரைக் அவுட் 30 தாண்டினால்.’ ‘முதல் பேஸுக்கு மாற்றினால்.’ இந்த வரி இல்லாவிட்டால் நமக்குப் பிடித்த பையனுக்கு நாமே வக்கீலாகிவிடுவோம். நான் இரண்டு வருஷம் ஒரு இடது கை பேட்டருக்கு வக்கீலாக இருந்தேன். அவன் பெயர் வேண்டாம், இப்போது பேஸ்பாலிலேயே இல்லை.

ஏப்ரல் முதல் வாரம் சீசன் தொடங்கும், செப்டம்பரில் முடியும். முதல் நூறு தடவை மட்டை பிடிக்கும் வரை வரிசையைத் தொடாதீர்கள். ஏப்ரல் குளிரில் எல்லோரும் மோசமாகத்தான் அடிப்பார்கள். மே கடைசியில் ஒரு தடவை, ஜூலை கடைசியில் வீரர் மாற்றம் முடிந்ததும் ஒரு தடவை, செப்டம்பரில் ஒரு தடவை. பழையதை அடிக்காமல் பக்கத்திலேயே தேதி போட்டுப் புதியதை எழுதுங்கள். நான் மேயில் நீல மை, ஜூலையில் பச்சை, செப்டம்பரில் சிவப்பு. அந்தோணி பக்கத்தில் நீலத்தில் 14, பச்சையில் 2. அதற்குள் அவன் கிரீன்வில்லுக்குப் போயாகிவிட்டது என்பதுதான் வெட்கம்.

இந்த வருஷம் ஒரு கேட்சர் பையன் இருக்கிறான். அக்கா மகன் அவனை நான்காவதில் வைக்கிறான், நான் பதினேழில். பந்தயம் வழக்கம்போல தட்டுவடை செட்தான், கூடக் கொஞ்சம் காரச் சட்னி. வண்டி ஹாரன் கேட்கிறது, டப்பு இறக்க வேண்டும்.